நிரந்தர அசௌகரியம்

‘ஆபத்து’ என்ற சொல்லைக் கம்பெனி தடை செய்து ஓராண்டு ஆகியிருந்த சமயத்தில் ஒற்று அங்கே வேலைக்குச் சேர்ந்தாள். தடை வந்த நாளிலிருந்து எந்த அறிக்கையிலும் ஓர் ஆபத்துகூடப் பதிவாகவில்லை. ஆகவே அந்தத் தடை மாபெரும் வெற்றி என்று கருதப்பட்டு, அதை முன்மொழிந்தவருக்குப் பதவி உயர்வும் கண்ணாடிக் கேடயமும் வழங்கப்பட்டன. அவர்தான் இப்போது ஒற்றுவின் துறைத் தலைவர்.

ஒற்று என்பது அவளுடைய சொந்தப் பெயரல்ல. இதற்கு முன்னால் அவள் ஒரு நாளிதழில் பிழை திருத்திக்கொண்டிருந்தாள். விட்டுப்போன க், ச், த், ப்பைத் தேடிப் போடுவதும், வேண்டாத இடத்தில் முளைத்ததைப் பிடுங்குவதும்தான் வேலை. நாளிதழ் நின்றுபோனது. எதையும் இரண்டு தடவை படிக்கும் கெட்ட பழக்கம் மட்டும் நிற்கவில்லை. அதை வைத்துக்கொண்டு மேலே ஏதோ படித்து, இந்தப் பெரிய கம்பெனியின் இணைய அச்சுறுத்தல் உளவுப் பிரிவில் ஆய்வாளர் ஆனாள்.

“பேப்பர்ல ஒற்று போட்டுக்கிட்டிருந்தவ இப்ப கம்பெனிக்கு ஒற்று வேலை பாக்கப் போறா,” என்றார் அவளை வளர்த்த தாய்மாமா. பெயர் ஒட்டிக்கொண்டது.

வேலை இதுதான். இணையத்தின் இருட்டான மூலைகளில் திருடர்களுக்கென்று சந்தை உண்டு. பூட்டை உடைப்பவன் ஒருவன், உள்ளே போகும் வழியை விற்பவன் ஒருவன், அதை வாங்கி உள்ளே போய் எல்லாக் கம்ப்யூட்டரையும் பூட்டிவிட்டுப் பேரம் பேசுபவன் ஒருவன் என்று அங்கேயும் ஆளுக்கொரு தொழில். அந்தச் சந்தையில் ஓரமாக நின்று ஒட்டுக்கேட்க வேண்டும். தன் கம்பெனியின் பேச்சு அடிபட்டால் ஓடிவந்து சொல்ல வேண்டும். ஆனால் வராந்தாவில் ஓடக் கூடாது என்று கம்பெனியில் ஒரு விதி இருந்தது. சொல்வதற்கு அதைவிட நிறைய விதிகள் இருந்தன.

கம்பெனியின் தொழில் டயாலிசிஸ். சிறுநீரகம் பழுதானவர்களின் ரத்தத்தை மெஷின் வழியே ஓடவிட்டுச் சுத்தம் செய்யும் மையங்களை ஊர் ஊராக நடத்திவந்தது. தலைமை அலுவலகத்தில் ரத்தம் என்ற சொல் அவ்வளவாகப் புழங்காது. ‘திரவச் சேவை’ என்பார்கள். நோயாளிகளைச் ‘சேவை பெறுவோர்’ என்பார்கள். அந்த அலுவலகத்தில் பலர் ஒரு மையத்தின் வாசலைக்கூட மிதித்ததில்லை.

ஒற்று மிதித்திருந்தாள். பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வுபெற்ற மாமாவுக்கு வாரம் மூன்று தடவை டயாலிசிஸ். கையில் ஊசிகளைக் குத்தி மெஷினோடு பிணைத்ததும் அவர் பேசத் தொடங்கிவிடுவார். “உள்ள போறவங்க முன்னாடி, வெளிய வர்றவங்க பின்னாடி. யாரும் ஃபுட்போர்டுல தொங்கக் கூடாது,” என்பார் தன் ரத்தத்தைப் பார்த்து. பக்கத்துப் படுக்கையில் படுத்திருந்தவர் ஒரு செருப்புக்கடைக்காரர். மெஷின் கத்தும்போதெல்லாம், “கண்டக்டர் சார், ஆயுசு முழுக்க நீங்க விசில் அடிச்சீங்க. இப்ப அது உங்களுக்கு அடிக்குது,” என்பார். மாமா தனக்கு ஏற்ற செருப்பு ஒன்று பார்த்து எடுத்துவரச் சொன்னால், “ரெண்டு நாளைக்கு ஒரு தடவை சைஸ் மாறுற காலுக்கு நான் எங்க போறது?” என்று கேட்பார். தண்ணீர் கோத்து வீங்கி, மெஷினில் வற்றி, மறுபடி வீங்கும் கால்கள் இருவருக்கும். கடைக்குப் பக்கம் என்பதால் அவர் சமீபத்தில் மார்க்கெட் மையத்துக்கு மாறிப் போய்விட்டார். அதற்குப் பிறகு மாமா மெஷினோடுதான் சண்டை போட வேண்டியிருந்தது.

ஒரு நாள் காலை, கையிலிருந்த காபி ஆறுவதற்குள், திருட்டுச் சந்தையில் ஒரு விளம்பரம் ஒற்றுவின் கண்ணில் பட்டது. ‘ரத்தம் சுத்தம் செய்யும் பெரிய கம்பெனி. நிறையக் கிளைகள். உள்ளே போக வழி தரப்படும். நாணயமானவர்கள் மட்டும் அணுகவும்.’ சரக்கு அசல்தான் என்று காட்ட, உள்ளே போய் எடுத்த படம் ஒன்றை மாதிரிக்கு ஒட்டியிருந்தான். ஊழியர்கள் மட்டும் பார்க்கக்கூடிய பக்கம் அது. நடுவில் துறைத் தலைவர் கேக் வெட்டிக்கொண்டிருந்தார். மேலே ‘எங்கள் வழிகாட்டிக்கு பிறந்தநாள் வாழ்த்துகள்’ என்றிருந்தது. ஒரு ‘ப்’ விட்டுப்போயிருந்தது. முந்தின வாரம் கம்பெனிக்குள் அதே வாழ்த்தைப் பார்த்து, அதே ‘ப்’புக்காக அவள் பல்லைக் கடித்திருந்தாள். சந்தேகமே இல்லை.

மதியத்துக்குள் அதன் கீழே ‘விற்றாயிற்று’ என்று வந்துவிட்டது. வழியை வாங்கியவர்கள் அதை மடித்துப் பெட்டியில் வைத்துக்கொள்வதில்லை. சில நாட்களில் வந்துவிடுவார்கள். ஒற்று, விதியை மீறாமல், வேகமாக நடந்து தலைவரின் அறைக்குப் போனாள்.

“சார், நம்ம கம்பெனிக்குள்ள போற வழியை ஒருத்தன் வித்திருக்கான். இன்னொருத்தன் வாங்கிட்டான்.”

தலைவர் படத்தை வாங்கி நெடுநேரம் பார்த்தார்.

“யாரும்மா எடுத்தது இது? நான் நல்லா விழுந்திருக்கேனே.”

“திருடன் எடுத்தது சார். நம்ம சிஸ்டத்துக்குள்ள இருந்து.”

“அதைக் கேக்கல. கேக் வெட்டும்போது யாரு எடுத்ததுன்னு கேட்டேன்.” படத்தைக் கீழே வைக்க அவருக்கு மனம் வரவில்லை. “சரி, என்ன பண்ணணும்ங்கற?”

“எல்லா மையத்துக்கும் இன்னைக்கே சொல்லணும் சார். யாருக்கு எவ்வளவு தண்ணி எடுக்கணும், என்ன மருந்து, எல்லாத்தையும் பேப்பர்ல எழுதி வச்சுக்கச் சொல்லணும். சிஸ்டம் பூட்டிக்கிச்சுன்னா அவங்களுக்குக் கையும் ஓடாது, காலும் ஓடாது. ரெண்டு மூணு தடவை டயாலிசிஸ் தவறிப்போனா ஆளே போயிடுவாங்க சார்.”

தலைவர் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிச் சாய்ந்துகொண்டார். அவருக்கு ஒற்றுவின் மேல் உண்மையிலேயே பிரியம் உண்டு.

“நீ புதுசும்மா. அதான் பதறுற. நாம யாரு? உளவு. உளவுன்னா என்ன? ரகசியம். அந்த ரகசியத்தை எல்லா மையத்துக்கும் சொல்லிட்டா அப்புறம் நம்மகிட்ட என்னதான் இருக்கும்? நாளைக்கு அவனவன், எங்களுக்கே எல்லாம் தெரியுதே, உளவுப் பிரிவு எதுக்குன்னு கேப்பான். தெரிஞ்சு வச்சிருக்கோம் பாரு, அதுதான் நம்ம பலம். சொல்றதுல என்ன பலம் இருக்கு?”

அறிக்கையாக எழுதித் தரச் சொன்னார். எழுதித் தந்தாள். மொழிநடைக் குழு அதைத் திருத்தியது. ஆயுளெல்லாம் பிறர் எழுத்தைத் திருத்தியவள் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். ‘ஆபத்து’ எல்லாம் ‘அசௌகரியம்’ ஆயிற்று. ‘திருடர்கள்’ ‘அழைக்கப்படாத பயனாளர்கள்’ ஆனார்கள். ‘கம்ப்யூட்டர்கள் பூட்டப்படும்’ என்பது ‘கணினிகள் ஓய்வெடுக்க நேரலாம்’ என்று மாறியது. ‘நோயாளிகள் இறக்கக்கூடும்’ என்ற வரியில் குழு வெகுநேரம் திணறியது. கடைசியில், ‘சேவை பெறுவோரில் சிலருக்கு நிரந்தர அசௌகரியம் ஏற்படலாம்’ என்று எழுதி, ஒருவரையொருவர் பார்த்துத் தலையாட்டிக்கொண்டார்கள்.

அறிக்கையின் தலையில் சிவப்பு முத்திரை விழுந்தது. சிவப்பு என்றால், முகப்பில் பெயர் உள்ளவர்கள் மட்டும்தான் படிக்கலாம். பெயர்கள் இயக்குநர்களுடையவை, தலைவருடையது, வக்கீலுடையது, விளம்பரப் பிரிவு அம்மாவுடையது. மையங்கள் ஒன்றும் அதில் இல்லை. மாலையில், எங்கோ ஒரு ‘த்’ விட்டுப்போயிற்றோ என்ற உறுத்தலில் ஒற்று அறிக்கையைத் திறக்கப் பார்த்தாள். ‘இதைப் படிக்க உங்களுக்குத் தகுதியில்லை’ என்றது திரை.

“நான் எழுதினது சார் அது,” என்றாள் தலைவரிடம்.

“எழுதறதுக்குத் தகுதி வேண்டாம்மா. படிக்கறதுக்குத்தான் வேணும். நல்லவேளை ஞாபகப்படுத்தின. உள்ள இருக்கறது உனக்கு இனிமே தெரியக் கூடாது. இதுல ஒரு கையெழுத்துப் போடு.”

‘மேற்படி விவரங்களை நான் முழுமையாக மறந்துவிட்டேன்’ என்று அச்சடித்திருந்த தாளில் ஒற்று கையெழுத்திட்டாள்.

அடுத்தது பெயர்சூட்டல். கம்பெனியின் எச்சரிக்கை மென்பொருளில் எதிரியின் பெயரைக் கேட்டு ஒரு கட்டம் உண்டு. அது காலியாக இருந்தால் எச்சரிக்கை நகராது. ஒரு குணமும் ஒரு விலங்கும் சேர்ந்ததாகப் பெயர் இருக்க வேண்டும் என்பது விதி. வெள்ளிக்கிழமை குழு கூடியது. தலைவர், வக்கீல், விளம்பரப் பிரிவு அம்மா மூவரும் மேஜையைச் சுற்றி உட்கார்ந்தார்கள். ஒற்றுவுக்குச் சுவரோரம் ஒரு நாற்காலி. கேட்டால் பதில் சொல்லலாம்.

“நீதானே கண்டுபிடிச்ச? நீ ஒண்ணு சொல்லு,” என்றார் தலைவர் பெருந்தன்மையாக.

“வெறிநாய்.”

“ஐயையோ. நாய் வளக்குறவங்க மனசு புண்படும். நம்ம இயக்குநர் வீட்லயே நாய் இருக்கு,” என்றார் விளம்பரப் பிரிவு அம்மா.

“வெறின்னு எழுதினா, வெறின்னு தெரிஞ்சும் சும்மா இருந்தீங்களான்னு கோர்ட்ல கேப்பான்,” என்றார் வக்கீல்.

கருநாகம் வந்தது. குழந்தைகள் பயப்படும் என்று போனது. கழுகு வந்தது. போட்டிக் கம்பெனியின் சின்னம் கழுகு என்பதால் அவர்களுக்கு இலவச விளம்பரம் ஆகிவிடும் என்று பறந்துபோனது. நரி நிலைத்தது. என்ன நரி என்பதில் பகல் கழிந்தது. ‘பசித்த நரி’ என்றார் தலைவர். பசி என்றால் வரப்போகிறது என்று பொருளாகிவிடும் என்றார் வக்கீல். விளம்பரப் பிரிவு அம்மா கண்ணை மூடி யோசித்துவிட்டுச் சொன்னார்: “சோம்பல் நரி. எவ்வளவு இதமா இருக்கு பாருங்க.”

எல்லோரும் கைதட்டினார்கள். பெயரோடு ஒரு படமும் போக வேண்டும். தலையணையில் முகம் புதைத்துத் தூங்கும் நரி ஒன்று வரையப்பட்டது. வால் சாம்பல் நிறமா, செம்பழுப்பா என்பது மட்டும் முடிவாகவில்லை.

“திங்கட்கிழமை முடிவு பண்ணி அனுப்பிடலாம். சோம்பல் நரிதானே, என்ன அவசரம்?” என்றார் வக்கீல்.

ஒற்று சுவரோரத்திலிருந்து எழுந்துவிட்டாள். “சார், அந்தப் பேர் நாம வச்சது. அவனுக்கு அது தெரியாதே சார்.”

“தெரியக் கூடாதும்மா. அதனாலதானே சிவப்பு,” என்றார் தலைவர்.

மறுநாள் சனிக்கிழமை மாமாவின் முறை. மையத்தில் மெஷின் கழுவும் மருந்தின் வழக்கமான வினிகர் வாடை அடித்தது. வரிசையாகப் படுக்கைகள், சத்தமில்லாமல் ஓடும் டிவி. தலைமை நர்ஸ், எல்லோருக்கும் சிஸ்டர், மாமாவைத் திட்டிக்கொண்டே ஊசி குத்தினார். “ரெண்டு நாள்ல இவ்வளவு வெயிட்டா? தண்ணி குடிக்கறீங்களா, தொட்டியைக் கவுத்துக்கறீங்களா?”

ஒற்று அவரைத் தண்ணீர் சுத்திகரிக்கும் அறைப் பக்கம் அழைத்துப் போனாள்.

“சிஸ்டர், இன்னைக்கே எல்லாரோட விவரத்தையும் பேப்பர்ல எழுதி வச்சுக்குங்க. ஏன்னு கேக்காதீங்க.”

“ஏன்?”

“கேக்காதீங்கன்னேனே.”

“கேக்காம எப்படிம்மா இத்தனை பேருக்கு எழுதறது? கை என்னுது.”

“சிஸ்டம் நின்னுபோகலாம். நான் சொல்லல. நான் எதுவுமே சொல்லல.”

சிஸ்டர் அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு உள்ளே திரும்பி, “டீயெல்லாம் அப்புறம் குடிச்சுக்கலாம். பேப்பரும் பேனாவும் எடுத்துட்டு வாங்க ரெண்டு பேரும்,” என்று குரல் கொடுத்தார். போகும்போது கேட்டார்: “மத்த சென்டருக்கெல்லாம் சொல்லியாச்சா?”

“திங்கட்கிழமை சொல்லுவாங்க.”

மார்க்கெட் மையத்தின் எண் அவள் கைபேசியில் இருந்தது. செருப்புக்கடைக்காரரின் எண்ணும் இருந்தது. மாமாவின் பக்கத்தில் உட்கார்ந்து இரண்டையும் எடுத்துப் பார்த்தாள். ஒரு மையத்துக்குச் சொன்னால் மாமாவுக்காகச் சொன்னதாக இருக்கும். இரண்டுக்குச் சொன்னால் கசியவிட்டதாகிவிடும். வேலை போய்விட்டால் அதற்குப் பிறகு யார் என்ன செய்ய முடியும்? திங்கட்கிழமைதான் சொல்லப் போகிறார்களே. கைபேசியைப் பைக்குள் போட்டுவிட்டு, மாமாவின் ரத்தம் குழாயில் சுற்றி வருவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“என்னடி பேயறைஞ்ச மாதிரி இருக்க?” என்றார் மாமா.

“ஒண்ணுமில்ல மாமா.”

திங்கட்கிழமை காலை, வாலின் நிறம் முடிவாவதற்கு முன்பே, எல்லா மையங்களிலும் திரைகள் கறுத்தன. திருடனின் அறிவிப்பு மட்டும் எல்லாத் திரையிலும் ஒளிர்ந்தது. சுருக்கமாக, பிழையில்லாமல், ஆபத்து என்ற சொல்லைத் தாராளமாகப் பயன்படுத்தி எழுதப்பட்டிருந்த அறிவிப்பு. கம்பெனிக்குள் அத்தனை தெளிவான ஒன்றை ஒற்று இதுவரை படித்ததில்லை.

எச்சரிக்கை அனுப்பும் மென்பொருளும் சேர்ந்து பூட்டிக்கொண்டது. அதைக் கேட்டுத் தலைவர் நிம்மதிப் பெருமூச்சு விட்டார். “பாத்தீங்களா? இப்ப அனுப்பியிருந்தாலும் போயிருக்காது.”

அவசரக் கூட்டம் நடந்தது. முதலில், இவ்வளவு சுறுசுறுப்பாக நடந்துகொண்டுவிட்ட நரிக்குச் சோம்பல் என்று பெயர் இருக்கலாமா என்று விளம்பரப் பிரிவு அம்மா கவலைப்பட்டார். பிறகு மைய வாசல்களில் ஒட்ட ஓர் அறிவிப்பு தயாரானது: ‘கணினிகள் ஓய்வில் இருப்பதால் எங்கள் எல்லா மையங்களிலும் திரவச் சேவை தற்காலிகமாக இல்லை. அசௌகரியத்துக்கு வருந்துகிறோம்.’

“சிஸ்டம் இல்லாமலே டயாலிசிஸ் பண்ணலாம் சார். மெஷின் ஓடும். போன வாரத்து அளவைக் கேட்டுப் பண்ணலாம், டாக்டரைக் கூப்பிட்டு...” என்று தொடங்கினாள் ஒற்று.

வக்கீல் பொறுமையாக விளக்கினார். “நல்லாக் கேட்டுக்குங்க. பண்ணி ஏதாவது ஆச்சுன்னா அது நம்ம தப்பு. பண்ணாம ஏதாவது ஆச்சுன்னா அது நோயோட தப்பு. நோய் மேல யாரும் கேஸ் போட முடியாது.”

“பொட்டாசியம் ஏறி நெஞ்சு நின்னுடும் சார்.”

“யார் சொன்னது?”

“என் அறிக்கையில இருக்கு.”

“அதைப் படிக்க உங்களுக்குத் தகுதியில்லையேம்மா,” என்றார் வக்கீல் கனிவாக.

மாமாவின் மையத்தில் மட்டும் மெஷின்கள் ஓடின. அறிவிப்பை ஏன் ஒட்டவில்லை என்று தொலைபேசியில் கேட்டதற்கு, “பசை தீந்துபோச்சு,” என்றார் சிஸ்டர். எழுதிவைத்த தாள்களைப் பார்த்து, டாக்டரைத் தொலைபேசியில் பிடித்து, பின்வாசல் வழியாக ஆட்களை ஏற்றி இறக்கினார். வெளியே யாரிடமும் சொல்ல வேண்டாம், தெரிந்தால் மூடிவிடுவார்கள் என்று ஒவ்வொருவரிடமும் கேட்டுக்கொண்டார். செவ்வாய்க்கிழமை மாமா போய்வந்தார். யாரிடமும் சொல்லவில்லை.

வியாழக்கிழமை சாயங்காலம் ஒற்று வீட்டுக்கு வந்தபோது மாமா டிவி போடாமல் கட்டிலில் உட்கார்ந்திருந்தார்.

“நம்ம செருப்புக்கடைக்காரர் போயிட்டார்.”

ஒற்று செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றாள்.

“திங்கட்கிழமை போயிருக்கார், திருப்பி அனுப்பிட்டாங்க. புதன்கிழமையும் போயிருக்கார். பெரியாஸ்பத்திரியில கூட்டமாம், நாளைக்கு வான்னுட்டாங்க. இன்னைக்குக் காலையில கடை ஷட்டரைத் தூக்கும்போது அப்படியே உக்காந்துட்டாராம். அவர் சம்சாரம் போன் பண்ணினாங்க.” மாமா தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். “எல்லா மையமும் மூடியிருக்குன்னு நோட்டீஸ்ல போட்டிருந்துச்சாம். நம்ம சென்டர் ஓடுதுன்னு அவருக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தா வந்திருப்பார்ல? நான் ஒரு போன் போட்டிருந்தா...” தலையைத் தூக்கி அவளைப் பார்த்துக் கேட்டார்: “நம்ம சென்டர் மட்டும் எப்படி ஓடுச்சு?”

அவள் சொன்னாள். எல்லாவற்றையும் சொன்னாள்.

“எனக்காகவா?”

“ஆமா மாமா.”

“அவர் நம்பர் உன்கிட்ட இருந்துச்சா?”

“இருந்துச்சு.”

மாமா கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலாம் போலிருந்தது. “நான் கண்டக்டரா இருந்தப்ப, என் வீட்டு ஆள் ஏறிட்டாங்கன்னு உடனே விசில் அடிச்சதில்ல,” என்றார். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அன்றைக்கு மெஷினுக்குப் போக வேண்டிய முறை. போகவில்லை. மறுநாள் ஒற்று காலைப் பிடித்துக் கெஞ்சித்தான் கூட்டிப் போனாள். ஊசி குத்தியதும் அவர் தன் ரத்தத்தைப் பார்க்காமல் கண்ணை மூடிக்கொண்டார். சிஸ்டர் அன்று யாரையும் திட்டவில்லை.

திருடன் கேட்ட பணத்தை இயக்குநர்கள் கொடுத்துவிட்டார்கள். கணினிகள் ஓய்விலிருந்து எழுந்தன. பெரிய அரங்கில் வெற்றிக் கூட்டம் கூடியது. தலைவர் பேசினார்.

“நண்பர்களே, இந்த நிகழ்வை நாம் முன்கூட்டியே அறிந்திருந்தோம். முறைப்படி பெயர் சூட்டினோம். எத்தனை நிறுவனங்களுக்குத் தங்கள் எதிரியின் பெயர் தெரியும்? ‘சேவை பெறுவோரில் சிலருக்கு நிரந்தர அசௌகரியம் ஏற்படலாம்’ என்று நம் அறிக்கை கணித்தது. சிலருக்கு ஏற்பட்டிருக்கிறது. சிலருக்குத்தான் ஏற்பட்டிருக்கிறது. பலருக்கு என்று நாம் எழுதவில்லை, பலருக்கு ஏற்படவும் இல்லை. உளவுத் துறையில் இதைவிடத் துல்லியம் இருக்க முடியுமா?”

கைதட்டல் அடங்க நேரமாயிற்று. சேவை நிற்காமல் நடந்ததாகப் பிறகு தெரியவந்த ஒரே மையத்தின் சார்பாகத் தலைவரே ஒரு கண்ணாடிக் கேடயத்தைப் பெற்றுக்கொண்டார். அவருக்கு இது இரண்டாவது. அந்த ஒரு மையம் மட்டும் முன்கூட்டியே தயாராக இருந்தது எப்படி என்று விசாரிக்க அதே மேடையில் வக்கீல் ஒரு குழுவை அறிவித்தார்.

சிஸ்டரைக் கேட்டார்கள். “எனக்கு ஞாபக மறதி ஜாஸ்தி,” என்று சொல்லிவிட்டு அவர் வேலைக்குத் திரும்பிவிட்டார். அவரை மறுபடி கூப்பிடுவதற்குள் ஒற்று தானாகவே விசாரணை அறைக்குள் போனாள். அதே மூவர். இந்தத் தடவை அவளுக்கு மேஜையருகே நாற்காலி போட்டிருந்தார்கள்.

“நான்தான் சொன்னேன்.”

“மறந்துட்டேன்னு கையெழுத்துப் போட்டிருக்கீங்க. அப்புறம் எப்படி ஞாபகம் வந்துச்சு?” என்றார் வக்கீல்.

“மறக்கவே இல்ல.”

“சரி. எத்தனை மையத்துக்குச் சொன்னீங்க?”

“ஒண்ணுக்கு.”

“நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. ஒண்ணே ஒண்ணுதானா?”

“ஒண்ணே ஒண்ணுதான்.”

மூவரின் தோள்களும் தளர்ந்தன. விளம்பரப் பிரிவு அம்மா தண்ணீர் பாட்டிலை அவள் பக்கம் நகர்த்தினார். தலைவரின் முகத்தில் பழைய பிரியம் திரும்பியிருந்தது.

“நான் சொல்லல? இவ நல்ல பொண்ணு. பாரும்மா, எல்லா மையத்துக்கும் சொல்லியிருந்தேன்னு வையி, அது பெரிய கசிவு. உன் வேலையே போயிருக்கும், நானே காப்பாத்தியிருக்க முடியாது. ஒண்ணுதான்னா அது சின்னத் தப்பு. விசாரிச்சுப் பாத்தேன், உன் மாமா அங்கதான் வர்றார். அவருக்காகத்தானே பண்ணின? எனக்குப் புரியாதா? எங்க மாமனாருக்கும் டயாலிசிஸ்தான். உன் அறிக்கையைப் படிச்சதுமே அவரை வேற ஆஸ்பத்திரிக்கு மாத்திட்டேன். வீட்டு மனுஷன்னா யாருக்கும் மனசு கேக்காதும்மா.”

வக்கீல் இருமினார். “இது பதிவுல வேண்டாம்.”

ஒற்று தண்ணீரைத் தொடவில்லை. எதிரில் உட்கார்ந்து தன்னைப் பார்த்துச் சிரிக்கும் மனிதரை அவள் முதல் நாளிலிருந்தே ஒரு கோமாளி என்றுதான் நினைத்திருந்தாள். இப்போது அவர், தன் வீட்டு ஆள் ஒருவரைப் பார்ப்பதுபோல அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தீர்ப்பு வாசிக்கப்பட்டது. எழுத்து மூலம் ஓர் எச்சரிக்கை. மற்றபடி, பெரும்பாலான மையங்களிடம் ரகசியம் காத்த அவளது பக்குவத்தைக் கருதி, இனிமேல் சிவப்பு அறிக்கைகளைப் படிக்கும் தகுதி அவளுக்கு வழங்கப்படுகிறது. மூவரும் எழுந்து கைகுலுக்கினார்கள். அவள் கையும் நீண்டது. நீண்டுவிட்டதே என்று பிறகுதான் உறைத்தது.

மதியச் சாப்பாட்டுக்குப் போகாமல் ஒற்று மார்க்கெட்டுக்குப் போனாள். கடை திறந்திருந்தது. ஆளுயரத்துக்கு அட்டைப்பெட்டிகள். ஒரு முக்காலியில் செருப்புக்கடைக்காரரின் மனைவி உட்கார்ந்து, யாரோ போட்டுப் பார்த்துவிட்டு விட்டுப்போன ஜோடிகளைப் பெட்டிக்குள் அடுக்கிக்கொண்டிருந்தார்.

“என்ன சைஸும்மா?”

“நான் கண்டக்டரோட தங்கச்சி மகள்.”

“ஓ. உக்காரும்மா. அவர் எப்பவும் உங்க மாமாவைப் பத்தித்தான் பேசுவார்.”

ஒற்று உட்காரவில்லை. நின்றபடியே சொன்னாள். சிஸ்டம் பூட்டப்படும் என்று கம்பெனிக்கு முன்பே தெரியும். பெயர் வைப்பதற்காகக் காத்திருந்தார்கள். மெஷினை ஓட்டியிருக்கலாம், வேண்டாம் என்று முடிவு செய்தார்கள். எனக்கும் தெரியும். எங்கள் மையத்துக்கு மட்டும் சொன்னேன். உங்கள் வீட்டுக்காரர் எண் என் கையில் இருந்தது. கூப்பிடவில்லை.

அந்த அம்மா ஒரு செருப்பைப் பெட்டியில் வைத்தார். அதன் ஜோடி கையிலேயே இருந்தது.

“ஏன் கூப்பிடல?”

“வேலை போயிடும்னு பயந்தேன்.”

“போச்சா?”

“இல்ல. சின்னத் தப்புன்னு விட்டுட்டாங்க.”

அந்த அம்மா அவளை ஏற இறங்கப் பார்த்தார். ஒரு வாடிக்கையாளர் வாசலில் எட்டிப்பார்த்துவிட்டு, முகங்களைக் கண்டு நகர்ந்துபோனார்.

“உங்க மாமா எப்படி இருக்கார்?”

“இருக்கார். என்கூடப் பேசறதில்ல.”

“இப்ப எதுக்கு வந்து சொல்ற? எனக்காகவா, இல்ல உன் மனசு ஆறறதுக்கா?”

ஒற்று திறந்து கிடந்த ஒரு பெட்டியின் மூடியைச் சரிசெய்தாள்.

“மனசு ஆறணும்னா நான் ஒண்ணும் பண்ண முடியாது, போயிடு,” என்றார் அந்த அம்மா. குரல் உயரவில்லை. “என்னை மாதிரி இன்னும் எத்தனை வீடு இருக்கோ தெரியல. அவங்க எல்லாரும் இருக்கிற இடத்துல, வெளியாளுங்க முன்னாடி, இதை இதே மாதிரி சொல்லுவியா? நீ பண்ணினதையும் சேத்து?”

“சொல்றேன்.”

“உன் பேரைப் போட்டு?”

“போட்டு.”

அந்த அம்மா கையிலிருந்த செருப்பைப் பெட்டிக்குள் வைத்து மூடினார். தொலைபேசியை எடுத்தார்.

“அண்ணா, கடைக்குக் கொஞ்சம் வா... இல்ல, இப்பவே வா. ஒருத்தங்க வந்திருக்காங்க... செருப்பு வாங்க வரல, ஒண்ணு சொல்ல வந்திருக்காங்க.”